207-ம் அறைக்கு ஒரு புருஷன்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

207-ம் அறையின் இன்டர்காம் அலறியது.

அப்ரீன் பானு வாயில் கவ்வியிருந்த கொண்டை ஊசியை எடுத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தாள்.

“மேடம், ரிசப்ஷன்ல இருந்து தங்கப்பழம் பேசுதேன். உங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு.”

“யாரு?”

“உங்க வீட்டுக்காரரு மேடம். ஆசிப் சார். மேல அனுப்பிட்டேன். ரெண்டு டீ சொல்லட்டா?”

அப்ரீனுக்கு முதுகு சில்லிட்டது.

காரணம் ரொம்ப சிம்பிள்.

அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை!

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அந்த ஆசிப்பை, முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே லாட்ஜின் ரிசப்ஷனில் நின்றுகொண்டு அவளேதான் சொந்தமாகத் தயாரித்திருந்தாள்.

எதற்காக?

அப்ரீன் மதுரைக்காரி. வயது இருபத்தெட்டு. தொழில் மணப்பெண் அலங்காரம். நாளைக் காலை சங்கரன்கோவிலில் ஜஸீமா என்ற பெண்ணுக்கு நிக்காஹ். விடிவதற்குள் மேக்கப் வேலையை ஆரம்பிக்க வேண்டும். கல்யாண வீட்டிலோ சொந்தக்காரர்கள் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. அதனால்தான் சனிக்கிழமை மதியமே ரயிலில் வந்து இறங்கி ரூம் தேடினாள்.

மூன்று லாட்ஜ்களில் மூன்றே வரியில் பேச்சு முடிந்தது.

“கூட யாரு?”

“யாருமில்ல. நான் மட்டும்தான்.”

“தனி லேடீஸுக்கு ரூம் கிடையாதும்மா.”

நாலாவது, பொன்மணி லாட்ஜ். கவுண்டரில் மேனேஜர் தங்கப்பழம். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, மைக் தேவைப்படாத தொண்டை.

“கூட யாரும்மா வாரா?”

இந்தமுறை அப்ரீன் உஷாராகிவிட்டாள்.

“வீட்டுக்காரர் பின்னாடி வர்றார்ண்ணே.”

“பேரு?”

பேரா?

வாசலுக்கு எதிரே ஒரு கடை போர்டு தெரிந்தது. ஆசிப் டயர்ஸ்.

“ஆசிப்.”

“ஆசிப்பு... சரி. அப்ரீன் பானு, ஆசிப்பு... ரூம் நம்பர் இருநூத்தி ஏழு!” என்று ஏலம் போடுகிறவர் மாதிரி கூவிச் சாவியை நீட்டினார் தங்கப்பழம்.

லாபி சோபாவில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் அம்மா ஆமினாள் போன் செய்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்ரீன் கத்திப் பேசினாள்.

“கவலைப்படாதீங்கம்மா! விடியறதுக்குள்ள மேக்கப் போட வந்துருவேன்! கடையில பாலிஷ் போட்ட நகையெல்லாம் வாங்கிட்டேன்! முப்பது பவுனும் பத்திரமா எங்கிட்டதான் இருக்கு!”

ஆமாம்... முப்பது பவுன். ‘நீங்கதான் எப்படியும் மதுரைல இருந்து வாரீகளே, ஜஸீமா நகையையும் கையோட வாங்கிட்டு வந்துருங்க’ என்று ஆமினாள் சொல்ல, அப்ரீனும் தலையாட்டியிருந்தாள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நம்பிக்கை என்று வந்துவிட்டால் இப்படித்தான்... அளவே கிடையாது!

அப்ரீன் நாற்பது ஊர் லாட்ஜ்களைப் பார்த்தவள். அறைக்குள் போனதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். பாத்ரூம் வென்டிலேட்டரை இழுத்துப் பார்ப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் டார்ச் அடிப்பாள். தாழ்ப்பாளை மட்டும் நம்பாமல் கதவுக்கு அடியில் ஒரு ரப்பர் ஆப்பையும் சொருகுவாள்.

இவ்வளவும் தெரிந்தவள், லாபியில் வாயைத் திறந்துவிட்டாள். பெரிய முட்டாள்தனம்தான். என்ன செய்வது!

“அண்ணே! அவரை மேல விடாதீங்க! அவரு என் வீட்டுக்காரரே இல்ல!”

“என்ன மேடம் இப்பிடிச் சொல்லுதீக? ஆதாரைக் காமிச்சாருல்லா. செல்லுல. ஆசிப்னு தெளிவாப் போட்டிருக்கு. போட்டோவும் அவருதான்.”

இல்லாத புருஷனுக்கு ஆதார் கார்டே வந்துவிட்டது!

“அண்ணே... அது...”

டொக்... டொக்...

கதவு.

அப்ரீன் ரிசீவரை வைத்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள். நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. ரப்பர் ஆப்பைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

“அப்ரீன்...” வெளியே ஒரு குரல். தேன் தடவிய குரல். “நான்தாம்மா ஆசிப். கதவைத் திற.”

“யாருடா நீ?”

“இன்னுமா கோவம்? வீட்ல பேசித் தீர்த்துக்கலாம்மா.”

இது காரிடாருக்காக.

அடுத்து கதவிடுக்கில் வாயை வைத்து, கதவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவன் பேசினான். தேன் காணாமல் போயிருந்தது.

“நகைப் பெட்டியை மட்டும் வெளிய நீட்டு. சத்தமில்லாமப் போயிடுறேன். உள்ள வர வச்சேன்னு வையி... மூஞ்சியில கோடு போட்டுருவேன். அப்புறம் நீ யாருக்கும் மேக்கப் போட முடியாது, உனக்குத்தான் போடணும்.”

“ஹெல்ப்! யாராவது வாங்க!” அப்ரீன் கத்தினாள்.

காரிடாரில் ஒரு கதவு திறக்கும் சத்தம். ஒரு ஆண் குரல்.

“என்ன சார் பிரச்சினை?”

“ஒண்ணுமில்ல சார். வொய்ஃப். சண்டை போட்டுட்டு கெளம்பி வந்துட்டா. சமாதானம் பண்ணிட்டு இருக்கேன்.”

“ஓ... ஃபேமிலி மேட்டரா?”

கதவு சாத்திக்கொண்டது!

அப்ரீனுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு செல்போனில் நூறை அழுத்தினாள். அங்கிருந்து சுற்றிச் சுற்றி இணைப்பு ஒரு பெண் எஸ்.ஐ.க்குப் போனது.

“எஸ்.ஐ. ஜாய்ஸ் பேசுறேன். சொல்லுங்க.”

அப்ரீன் மூச்சுவிடாமல் சொன்னாள்.

“புருஷனே இல்ல, ஆனா புருஷன் வந்திருக்கான். அதானே?”

“ஆமா மேடம்!”

“ரத வீதியில இருக்கேன். பத்து நிமிஷம். அவன் உங்களத் தனியாப் பிடிச்சிராமப் பாத்துக்கிடுங்க.”

பத்து நிமிஷம்!

மாடிப்படியில் தடதடவென்று காலடி. தங்கப்பழத்தின் தொண்டை கதவைத் தாண்டி வந்தது.

“மேடம்! என்ன ஒரே கூப்பாடா இருக்கு? ஆசிப் சார், என்ன சார் நடக்கு?”

“பயமா இருக்கு அண்ணாச்சி...” ஆசிப்பின் குரல் இப்போது கரகரத்தது. “அவ ரொம்ப கோவக்காரி. போன தடவையே தூக்க மாத்திரையை முழுங்கினா. உள்ள ஏதாவது பண்ணிக்கிட்டான்னா...”

கெடுத்தான் காரியத்தை!

தனிப் பெண்களுக்கு ரூம் கிடையாது என்று தங்கப்பழம் விரட்டுவதே இந்த ஒரு பயத்தால்தான். ரூமில் யாராவது உயிரை விட்டால் ஸ்டேஷனுக்கு அலைவது அவர்தானே!

“அய்யய்யோ! மேடம், கதவைத் திறங்க! நம்ம லாட்ஜ்ல வேண்டாம் மேடம்!”

“நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேண்ணே! அவன் திருடன்! நகைக்கு வந்திருக்கான்!”

“பாத்தீங்களா? கட்டின புருஷனத் திருடங்கா.” ஆசிப் விசும்பினான். “புத்தி ஒரு நெலைல இல்ல அண்ணாச்சி.”

“ஸ்பேர் சாவி இருக்கு, பொறுங்க.”

சாவி துவாரத்தில் சாவி திரும்பியது. கதவு ஒரு விரல் அகலம் உள்ளே நகர்ந்தது... தாழ்ப்பாள் முனகியது... ரப்பர் ஆப்பு நின்றது!

“உள்ள முட்டுக் கொடுத்திருக்கு சார். கடப்பாரைதான் போடணும். நான் எடுத்துட்டு வாரேன்.”

“உடைச்சுக் கொடுத்துட்டு நீங்க போயிருங்க அண்ணாச்சி. நான் தனியாப் பேசிக்கிடுதேன்.”

தனியா!

அப்ரீன் வாட்சைப் பார்த்தாள். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கதவு உடைந்தால் அவளும் அவனும் ஒரே அறைக்குள். மேனேஜர் கண்ணியமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்!

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு சத்தம் கேட்டது.

பக்கத்து அறை... 206. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், வளையல் சத்தம், பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

இந்த ஊர் லாட்ஜ்களில் இது வழக்கம். வேன் பிடித்துக் கும்பலாகக் கோவிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு ரூம் எடுப்பதில்லை. குளிப்பதற்கு எடுப்பார்கள். நடை திறக்கும் முன்னால் ஒரே ரூமில் வரிசையில் நின்று தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலோடு நேராகச் சன்னதிக்குப் போவார்கள். நாலு மணிக்கு நடை திறப்பு. இப்போது மூன்றே முக்கால்.

அப்ரீன் கண்களைத் துடைத்தாள். நகைப் பெட்டி இருந்த பையைத் தோளில் குறுக்காக மாட்டினாள். துப்பட்டாவை அதன்மேல் சுற்றினாள்.

ஆப்பை உருவினாள்.

தாழ்ப்பாளைத் திறந்தாள்!

வெளியே நின்றவனே ஒரு வினாடி திகைத்துப் போனான். முப்பத்தைந்து வயது. இஸ்திரி போட்ட சட்டை. லாபி சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முகம்.

அவன் உள்ளே நுழைவதற்குள் அப்ரீன் வெளியே வந்தாள்.

வந்த வேகத்தில் இரண்டு கைகளாலும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். காரிடாரே அதிரும்படி ஒப்பாரி வைத்தாள்.

“வந்துட்டீங்களா! எட்டு மாசமா எங்க போயிருந்தீங்க? கைப்புள்ளையோட என்னைய நடுத்தெருவுல விட்டுட்டு எவகூடப் போனீங்க?”

ஆசிப்பின் வாய் பிளந்தது.

206-ன் கதவு திறந்தது!

முதலில் வெளியே வந்தவள் மாரித்தாய். ஏரல் என்ற ஊரிலிருந்து இந்தக் கும்பலை வேனில் கூட்டிவந்தவள் அவள்தான். அறுபதை நெருங்கும் வயது. தலையில் ஈரத் துண்டு, கையில் சீயக்காய் கரைத்த வாளி. அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு தலைகள், பதினோரு துண்டுகள்.

“என்னட்டி சத்தம்?”

“இவருதாம்மா என் வீட்டுக்காரர்!” அப்ரீன் தேம்பினாள். “புள்ளைக்குப் பாலுக்குக்கூட வழியில்லாம விட்டுட்டு ஓடிப்போயிட்டாரும்மா! இன்னிக்குத்தான் கண்ணுலயே படுறாரு!”

மாரித்தாய் ஆசிப்பை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே... பாக்க ஆபீசர் கணக்கா இருக்க. பெத்த புள்ளைய விட்டுட்டா ஓடுவ?”

“அம்மா... அது வந்து... இவ பொய் சொல்றா...”

“நீ இவ புருஷனா, இல்லையா? அத மொதல்ல சொல்லு.”

ஆசிப் தங்கப்பழத்தைப் பார்த்தான். கடப்பாரை எடுக்கக் கிளம்பிய தங்கப்பழம் பாதிப் படியில் நின்று அவனைப் பார்த்தார்.

“பு... புருஷன்தான்.”

“அப்ப எங்க ஓடுத? நில்லு!”

ஆசிப் கையை உதறினான். துண்டு கட்டிய பெண்கள் மாடிப்படியை அடைத்துவிட்டார்கள்.

“பொண்டாட்டி அழுதா... இவன் படியப் பாக்கானே!”

“மொகரையப் பாரு. முழிக்கிற முழியே சரியில்ல.”

“அவ கால்ல விழச் சொல்லுக்கா!”

அப்ரீன் சட்டையை விடவில்லை. இன்னும் நாலு நிமிஷம் ஓட்ட வேண்டும்!

“எங்க அண்ணன்மாருக்கு போன் பண்ணிட்டேன். பெரியண்ணன் முகம்மது அப்சல், சின்னண்ணன் அப்துல் ஜப்பார். ரெண்டு பேரும் மார்க்கெட்ல கறிக்கடை வச்சிருக்காங்க. கடையைப் போட்டது போட்டபடி கிளம்பிட்டாங்க. கத்தியைக்கூட கீழ வைக்கலையாம்!”

ஒரு புருஷனைத் தயாரித்தவளுக்கு இரண்டு அண்ணன்களைத் தயாரிப்பதா கஷ்டம்?

ஆசிப் மாடிப்படியைப் பார்த்தான்.

“அண்ணனா? ஏது அண்ணன்?”

“பாருங்கம்மா! மச்சான்மாரையே மறந்துட்டாரு!”

“நீ கவலப்படாத மக்கா,” என்றாள் மாரித்தாய். “அண்ணன்மாரு வந்து சேருத வரைக்கும் இவன் இங்கனதான் நிப்பான். இவன அவுக கையில ஒப்படச்சிட்டுத்தான் நாங்க கோயிலுக்குப் போவோம்.”

“கீழ ஏதோ வண்டிச் சத்தம் கேக்கே,” என்றாள் ஒரு பெண் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து. “வந்துட்டாகளோ?”

அவ்வளவுதான்.

ஆசிப்புக்குப் புத்தி கலங்கிவிட்டது.

“ஐயோ, விடுங்கம்மா! இவ யாருன்னே எனக்குத் தெரியாது! எனக்குக் கல்யாணமே ஆகல!”

துண்டு கட்டிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.



தங்கப்பழம் மெதுவாகப் படியேறி வந்தார்.

“கல்யாணம் ஆகலையா? அப்போ எங்கிட்டக் காமிச்ச ஆதாரு?”

அவன் கை இடுப்புக்குப் போனது... திரும்பியபோது அதில் ஒரு சின்னக் கத்தி பளபளத்தது!

“தள்ளுங்க! எல்லாரும் தள்ளுங்க! இல்லேன்னா குத்திருவேன்!”

அப்ரீன் சட்டையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“யார்ட்டலே கத்தியக் காட்டுத?”

மாரித்தாய் வாளியைத் தூக்கினாள்.

சளார்!

ஒரு வாளிச் சீயக்காயும் அவன் கண்ணுக்குள் இறங்கியது.

“ஐயோ! எரியுதே! கண்ணு போச்சே!”

கத்தி தெறித்தது. ஈரத் தரையில் கால் வழுக்கியது. தடால்! விழுந்தவன் மேல் ஏரல் மகளிர் நாலு பேர் உட்கார்ந்தே விட்டார்கள். சினிமாவில் ஹீரோ பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிற சண்டை, பத்து வினாடியில் முடிந்தது.

எஸ்.ஐ. ஜாய்ஸ் இரண்டு கான்ஸ்டபிள்களோடு படியேறி வந்தபோது, அவனைக் கட்டிப்போட ஐந்து ஈரத் துண்டுகள் செலவாகியிருந்தன.

“அப்ரீன் பானு யாரு?”

“நான்தான் மேடம்.” பையை இன்னும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நகை?”

“இருக்கு மேடம்.”

“நீங்க?”

“இருக்கேன் மேடம்,” என்றவளுக்கு அப்போதுதான் அழுகை நிஜமாக வந்தது. மாரித்தாய் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். சீயக்காய் வாசனை ஆளைத் தூக்கியது. அதற்காக அப்ரீன் விலகவில்லை. அந்த நிமிஷம் உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று தோன்றியது.

ஜாய்ஸ் அவன் செல்போனை எடுத்து, அவன் விரலையே வைத்துத் திறந்தாள். கேலரியைத் தள்ளினாள். ஒன்று... இரண்டு... மூன்று...

“ஆறு ஆதார்! ஒரே மூஞ்சி, ஆறு பேரு. உட்காந்த எடத்துல செல்லுலயே பேர மாத்தியிருக்கான். ஏலே, உன் நெசப் பேரு என்ன?”

“லி... லிங்கேஷ் மேடம்.”

“நாலு ஊரு லாட்ஜ்ல உன்னத் தேடிட்டு இருக்காக. தெரியுமாலே?” ஜாய்ஸ் அப்ரீன் பக்கம் திரும்பினாள். “கோயில் இருக்குற ஊராப் பாத்துப் போவான். லாபியில பேப்பரோட உக்காருவான். தனியா வர்ற பொம்பளைங்க ரூமுக்காகப் புருஷன் பேரு ஒண்ணைச் சொல்லுவாங்கன்னு இவனுக்குத் தெரியும். அந்தப் பேருலயே மேல போவான். அந்த நாலு ஊர்லயும் பொம்பளைங்க சத்தம் போட்டிருக்காங்க. ஃபேமிலி மேட்டர்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கல.”

காரிடாரில் ஒரு கதவு மெதுவாகத் திறந்தது. முன்பு ‘ஃபேமிலி மேட்டரா’ என்று கேட்ட அதே ஆள். மாரித்தாய் காலி வாளியோடு திரும்பிப் பார்த்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

லிங்கேஷை இழுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினார்கள். கண்ணைக் கசக்கியபடி அவன் புலம்பிக்கொண்டே போனான்.

“அந்த ரெண்டு அண்ணன்மாரும் வந்தா என்னைக் குடுத்துராதீங்க சார்!”

மாரித்தாயின் கும்பல் விட்ட இடத்திலிருந்து மறுபடி குளிக்கப் போனது.

அப்ரீன் தன் அறைக்குத் திரும்பினாள். யாரோ கனைத்தார்கள். தங்கப்பழம்! கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மேடம்... நடந்தது நடந்து போச்சு. தப்பு எம்மேலதான். மன்னிச்சுக்கிடுங்க.”

“பரவாயில்லண்ணே.”

“ஆனா... ஒரு சின்ன விசயம்.”

“சொல்லுங்க.”

“உங்களுக்குத்தான் கல்யாணமே ஆகலைன்னு ஆயிப்போச்சுல்லா. ஓனர் ரூல்ஸ்படி பாத்தா... நீங்க இப்பம் தனி லேடீஸ். ரூமைக் காலி பண்ணணுமே மேடம்...”

அப்ரீன் அவரையே பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். கீழே ஜீப் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“ஜாய்ஸ் மேடம்! ஒரு நிமிஷம், வண்டியை எடுத்துராதீங்க!” என்று கத்திவிட்டு, தங்கப்பழத்திடம் திரும்பினாள்.

“என் வீட்டுக்காரரை விலங்கோட மேல அனுப்பச் சொல்றேண்ணே... திருடனா இருந்தாலும் புருஷன்னு ஒருத்தன் கூட இருந்தா ரூம் உண்டுதானே?”